முன்விரோதம் என்றொரு சமூகவியல்

(சட்டமும் சமூகவியலும் படிக்கும் தலித் மாணவர்களும் களப்பணியாளர்களும் கூடிய ஒருநாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, குற்றவியல் நீதியில் சட்டமும் சமூக அறிவியலும். அழைப்பைப் பார்த்தப்பவே கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு. நான் வக்கீல் இல்லை. சமூகவியல் படித்தவன். படித்ததைவிட அதிகமாக, உண்மை அறியும் குழுக்களோடு சேரி சேரியாக அலைந்தவன். அந்த அலைச்சலில் நான் செய்த ஒரு தப்பிலிருந்து தொடங்குகிறேன். தத்துவம் பிறகு வரட்டும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2016இல் திருத்தப்படுவதற்கு முன்னால் நடந்தது. ஊர்ப்பெயர் வேண்டாம். அந்தக் குடும்பம் இன்னும் அங்கதான் இருக்கு. காலனிப் பிணம் சுடுகாட்டுக்குப் போக ஊர்த்தெரு வழியைத் தர மறுத்து வந்தார்கள். பாதை கேட்டு மனு கொடுத்ததில் முன்னால் நின்றவன் ஒரு இளைஞன். மனு கொடுத்த பத்தாவது நாள் ஊர்த்தெருவில் வண்டியை விட்டு இறங்காமல் ஓட்டிக்கொண்டு வந்தான். அரிவாளால் வெட்டினார்கள். தோளில் ஒரு வெட்டு, தடுத்த கையில் இரண்டு விரல் போச்சு. எஃப்.ஐ.ஆரில் என்ன எழுதினாங்க தெரியுமா? 'பாதை சம்பந்தமான முன்விரோதம் காரணமாக.' சாதிச் சான்றிதழை இணைத்து வன்கொடுமைப் பிரிவையும் போட்டார்கள். அதோடு அவங்க வேலை முடிஞ்சுது.

நாங்கள் போனோம். ஐந்து பேர் கொண்ட குழு. எந்தத் தெருவில் எந்தச் சாதி, நிலம் யார் கையில், டீக்கடையில் தனி கிளாஸ் எப்போதிலிருந்து, கோயிலுக்குள் யார் போகலாம், எத்தனை பிணம் வாய்க்காலில் இறங்கிப் போயிருக்கிறது, எல்லாம் கேட்டு, வரைபடம் போட்டு, நாற்பது பக்கத்தில் அறிக்கை எழுதினோம். பத்திரிகையாளர்களைக் கூட்டி வெளியிட்டோம். நல்ல அறிக்கை என்று பலரும் பாராட்டினார்கள். நாங்களும் மகிழ்ந்துபோனோம்.

நாலு வருஷம் கழித்து தீர்ப்பு வந்தது. வெட்டியது நிரூபணம். ஆனால் பாதிக்கப்பட்டவர் தாழ்த்தப்பட்ட சாதி என்பதன் காரணமாக வெட்டினார்கள் என்பதற்குச் சாட்சியம் இல்லை, சாட்சிகள் எல்லோரும் பாதைத் தகராறு பற்றித்தான் சொல்கிறார்கள் என்று வன்கொடுமைப் பிரிவை எடுத்துவிட்டார்கள். கொடுங்காயத்துக்கு மூணு வருஷம். அப்பீல் போட்டு ஜாமீன் வாங்கிட்டாங்க. அதே தெருவில் நடமாடுறாங்க.

கோர்ட் வாசலில் அந்தப் பையனோட அம்மா என்னிடம் கேட்டார்: "தம்பி, உங்க புஸ்தகத்துல எல்லாம் எழுதியிருந்தீங்களே. அது ஏன் இங்க வரல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பின்னால் கேஸ் கட்டை வாங்கிப் படித்தபோதுதான் புரிந்தது. எங்கள் அறிக்கை பத்திரிகைக்குப் போயிருக்கு, ஆணையத்துக்குப் போயிருக்கு, நூலகத்துக்குக்கூடப் போயிருக்கு. புலன் விசாரணை செய்த டி.எஸ்.பி. கையில் அதைக் கொடுத்து ஒப்புகை வாங்கவில்லை. எங்களில் ஒருவர்கூட சாட்சி இல்லை. கேஸ் கட்டில் மாதிரி வரைபடம் ஒன்று இருந்தது. போலீஸ் வரைந்தது. அதில் புளியமரம் இருக்கு, கரண்ட் கம்பம் இருக்கு, சம்பவ இடத்துக்கும் கம்பத்துக்கும் இடையே எத்தனை மீட்டர் என்பதும் இருக்கு. அது யார் தெரு என்பது மட்டும் இல்லை.

இன்னொன்றும் இருந்தது. குறுக்கு விசாரணையில் எதிரித் தரப்பு வக்கீல் நம் சாட்சியைப் பார்த்துக் கேட்கிறார்: "இந்தச் சம்பவத்துக்கு முன்னாடி ரெண்டு தெருவும் நல்லாத்தானே பழகிட்டு வந்தீங்க?" நம் சாட்சி, அறுபது வயசுப் பெரியவர், சொல்கிறார்: "ஆமாங்க."

தோழர்களே, அந்த 'ஆமாங்க'வை நினைத்துப் பாருங்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருத்தர், கூண்டு, மேலே நீதிபதி, எதிரே நிலத்துக்காரர்கள். பரம்பரை பரம்பரையாக 'ஆமாங்க' என்று சொல்லி உயிர் பிழைத்த ஒரு வாயிலிருந்து வேறென்ன வரும்? சமூகவியல் படித்தவனுக்கு அந்த ஒரு சொல்லே சாதி இருப்பதற்கு அத்தாட்சி. ஆனால் கோர்ட்டுக்கு, சாதி இல்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். கோர்ட்டில் சமூகவியலுக்கு இடமில்லை என்று சொல்கிறோமே, அது தப்பு. சமூகவியல் இல்லாத கோர்ட்டே கிடையாது. கேள்வி, அங்கே இருப்பது யாருடைய சமூகவியல் என்பதுதான். நம்முடையதை நாம் கட்டுக்குள் சேர்க்காவிட்டால் அவர்களுடையது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பெயர் சமூகவியல் என்றுகூட இருக்காது. 'பொது அறிவு', 'இயல்பான நடத்தை', 'முன்விரோதம்' என்றெல்லாம் இருக்கும்.

கீழ்வெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1968 டிசம்பர் 25. கூலி உயர்வு கேட்டுச் செங்கொடி பிடித்த தலித் விவசாயக் கூலிகளின் சேரியில், ஒரே குடிசைக்குள் 44 பேரைக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். 1970இல் கீழ்க்கோர்ட் பண்ணையார்கள் சிலருக்குத் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. என்ன காரணம் சொன்னது? குற்றம் சாட்டப்பட்ட 23 பேரும் மிராசுதார்களாக இருப்பது வியப்பாக இருக்கிறதாம். பெரும்பாலோர் பணக்காரர்கள், நிறைய நிலம் உள்ளவர்கள், முதல் எதிரி கார் வைத்திருப்பவர். பழிவாங்கும் எண்ணம் எவ்வளவு இருந்தாலும் வேலையாட்கள் இல்லாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினமாம்.

இதில் சட்டம் எங்கே இருக்கிறது? எந்தப் பிரிவில் இருக்கிறது, கார் வைத்திருப்பவன் நடந்து போகமாட்டான் என்று? இது சமூகவியல், தோழர்களே. பண்ணை எப்படி நடந்துகொள்ளும், கனவான்கள் எதைச் செய்வார்கள், எதைச் செய்யமாட்டார்கள் என்கிற ஒரு சமூகக் கோட்பாடு. அந்தக் கோட்பாட்டுக்குத் தரவு இல்லை. ஆய்வு இல்லை. குறுக்கு விசாரணையும் இல்லை. ஏனென்றால் அதைச் சொன்ன சாட்சி கூண்டில் நிற்கவில்லை, மேலே நாற்காலியில் இருந்தது. பண்ணையார் தன் ஆட்களோடு சேரிக்கு வந்து அடிப்பான் என்பதைத் தஞ்சாவூர் வயலில் நாற்று நட்ட எந்தக் கிழவியைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். அவளை யாரும் நிபுணராகக் கூப்பிடவில்லை.

சரி, கோர்ட்டுக்குச் சமூக அறிவியல் பிடிக்காதா? ரொம்பப் பிடிக்கும். 1871இல் வெள்ளைக்காரன் குற்றப் பழங்குடிகள் சட்டம் கொண்டுவந்தான். இந்த நாட்டில் தொழில் சாதிப்படி பரம்பரையாக வருகிறது, தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி, ஆகவே திருடன் மகன் திருடன் என்பதுதான் அதற்குப் பின்னால் இருந்த வாதம். இது பச்சையான சாதியவாதம். ஆனால் அன்றைக்கு அது இனவரைவியல் என்ற பெயரில் அறிவியலாக இருந்தது. மக்கள்தொகைக் கணக்கு, மூக்கு அளவு, மண்டை அளவு, கைரேகை, எல்லாம் வந்து சேர்ந்தது. தனி மனிதன் செய்த குற்றத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. பிறப்பே போதும். 1911 சட்டத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க மறுத்தவர்களைச் சுட்டுக் கொன்றார்கள்.

இந்தச் சட்டத்தில் சிக்கிய சாதிகளில் சில, இன்றைக்குப் பல ஊர்களில் நம்மை ஒடுக்குகிற சாதிகளாக இருக்கின்றன. அதுக்காக அந்தச் சட்டத்தை நாம் நியாயப்படுத்த முடியாது. அதை வேறொரு காரணத்துக்காகவும் நினைவில் வைக்க வேண்டும். கடைசியில் வருகிறேன். இப்போதைக்கு இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு கூட்டத்தையே குற்றவாளியாக்க சமூக அறிவியல் தேவைப்பட்டபோது அரசு இரு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டது. சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுக்க 1952இலும் சட்டம் நீக்கப்பட்டது. வழக்கமான குற்றவாளிகள் சட்டம் என்று வேறு சட்டை போட்டுக்கொண்டு அந்தப் பார்வை காவல் நிலையத்தில் தங்கிவிட்டது. சிறைக் கையேடுகளிலிருந்து சாதிப் பாகுபாட்டை எடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது எப்போது தெரியுமா? 2024 அக்டோபர் 3.

அப்படியானால் ஒடுக்கப்பட்டவன் சமூக அறிவியலைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும்? இதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. அதற்குக் கடல் தாண்டிப் போகவேண்டும். கறுப்பின மக்களின் போராட்டத்திலிருந்து நாம் கற்றது நிறைய, இதையும் கற்கத்தான் வேண்டும்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம். வாரன் மெக்கிளஸ்கி என்ற கறுப்பர். 1978இல் ஒரு கடையில் நடந்த கொள்ளையின்போது வெள்ளைப் போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றதாக மரண தண்டனை. அவருக்காக வாதாடியவர்கள் டேவிட் பால்டஸ் என்ற பேராசிரியர் குழுவின் ஆய்வை முன்வைத்தார்கள். 1970களில் ஜார்ஜியாவில் நடந்த 2,000க்கும் மேற்பட்ட கொலை வழக்குகளை எடுத்து ஆராய்ந்திருந்தார்கள். கொல்லப்பட்டவர் வெள்ளையர் என்றால் 100க்கு 11 வழக்கில் மரண தண்டனை. கொல்லப்பட்டவர் கறுப்பர் என்றால் 100க்கு 1. மற்ற காரணங்களையெல்லாம் கழித்துப் பார்த்தாலும், வெள்ளையரைக் கொன்றவர் தூக்குக்குப் போகும் வாய்ப்பு 4.3 மடங்கு. அதாவது, எந்த உயிருக்கு அந்த மாநிலத்தில் விலை அதிகம் என்பதை எண்ணில் எழுதிக் காட்டினார்கள்.

1987 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று தள்ளியது. ஆய்வு பொய் என்று சொல்லலை. சரியென்றே வைத்துக்கொள்வோம் என்றார்கள். ஆனால், உன் வழக்கில், உனக்குத் தண்டனை கொடுத்தவர்கள் இனவெறி நோக்கத்தோடு கொடுத்தார்கள் என்று நிரூபி என்றார்கள். இந்த வாதத்தை ஏற்றால் மொத்தக் குற்றவியல் அமைப்பே கேள்விக்குள்ளாகும் என்றும் சொன்னார்கள். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி பிரென்னன், இது நீதி அதிகமாகிவிடுமோ என்கிற பயம் என்று குத்திக்காட்டினார். 1991 செப்டம்பரில் மெக்கிளஸ்கியைக் கொன்றார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய பவல் என்ற நீதிபதி, ஓய்வு பெற்றபின் தன் வரலாற்றை எழுதியவரிடம், அந்த வழக்கில் என் வாக்கை மாற்றிக்கொள்வேன் என்றார். மாற்றி என்ன செய்ய?

மெக்கிளஸ்கியிடம் கேட்டதைத்தான் நம்மிடமும் கேட்கிறார்கள். ஊர் முழுக்க சாதி இருக்கலாம், ஆனால் இவன் இவனை வெட்டியபோது இவன் மனசுக்குள் சாதி இருந்தது என்று காட்டு. மனசைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள். அங்கே நிறவெறி, இங்கே சாதி. கேள்வி ஒன்றே.

இனி நம் நாட்டு எண்களுக்கு வருவோம். அங்கே எண்ணை மறுத்தார்கள். இங்கே 2018 மார்ச் 20 அன்று நம் உச்ச நீதிமன்றம் எண்ணை ஏற்றது. எப்படி ஏற்றது என்று பாருங்கள். மகாஜன் வழக்கு. வன்கொடுமைச் சட்டம் தவறாகப் பயன்படுகிறது என்ற வாதத்துக்குத் துணையாக அந்தத் தீர்ப்பில் புள்ளிவிவரம் எடுத்துக்காட்டப்பட்டது. 2015இல் முடிந்த வழக்குகள் 15,638. விடுதலையானவை 11,024. திரும்பப் பெற்றவை 495. தண்டனை 4,119. இதோடு போலீஸ் 'பொய் வழக்கு' என்று முடித்தவற்றின் எண்ணிக்கையும். இதை வைத்துக்கொண்டு, எஃப்.ஐ.ஆருக்கு முன்னால் டி.எஸ்.பி. பூர்வாங்க விசாரணை செய்யலாம், கைது செய்ய மேலதிகாரி அனுமதி வேண்டும், முன்ஜாமீனுக்கு முழுத் தடை இல்லை என்றெல்லாம் உத்தரவு போட்டார்கள்.

ஒரு சமூகவியல் மாணவன், முதல் வருஷ மாணவன், என்ன கேட்பான்? விடுதலை என்றால் பொய்யா? வழக்கு தோற்றது சாட்சி பயந்ததாலா, போலீஸ் வேண்டுமென்றே ஓட்டை விட்டதாலா, பத்து வருஷம் இழுத்ததாலா என்று பார்த்தாயா? 'பொய் வழக்கு' என்று எழுதியது யார்? அதே காவல் நிலையம்தானே? நான் இன்னொன்றும் கேட்பேன். அந்த 11,024இல் எத்தனை 'ஆமாங்க' இருக்கு?

ஒரு தனி மனிதனுக்கு எதிராகக்கூடக் கூட்டத்தின் கணக்கைச் சாட்சியமாக ஏற்கமாட்டோம் என்பது சட்டத்தின் பெருமை. ஆனால் இங்கே ஒரு கூட்டத்தின் கணக்கை வைத்து அந்தக் கூட்டம் முழுவதையும் சந்தேகப்பட்டார்கள். 1871க்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

நாம் சும்மா இருக்கவில்லை. 2018 ஏப்ரல் 2 அன்று நாடு தழுவிய பந்த். உயிர்கள் போயின. ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்து, பூர்வாங்க விசாரணை தேவையில்லை, கைதுக்கு அனுமதி தேவையில்லை என்றது. 2019 அக்டோபர் 1 அன்று மறுசீராய்வில் உச்ச நீதிமன்றமே அந்த உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. இந்த மக்கள் ஒரு கூட்டமாகச் சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்று அனுமானிக்க முடியாது, வழக்கு தோற்பதற்கு மோசமான புலன் விசாரணையும் காரணமாக இருக்கலாம் என்றது. 2020 பிப்ரவரியில் 18ஏ செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அதே சட்டம், அதே எண்கள். மாறியது எண்ணை வாசித்த கண். அந்தக் கண்ணை மாற்றியது தெரு. இதை மறக்க வேண்டாம்.

ஆனால் தெருவில் ஜெயித்ததை நாம் கேஸ் கட்டில் தோற்றுக்கொண்டிருக்கிறோம். கயர்லாஞ்சி நினைவிருக்கும். 2006 செப்டம்பர் 29, மகாராஷ்டிரத்தின் பண்டாரா மாவட்டம். ஒரு தலித் குடும்பத்தில் நாலு பேரைக் கொன்றார்கள். 2008இல் எட்டுப் பேருக்குத் தண்டனை. ஆனால் வன்கொடுமைச் சட்டத்தின் கீழ் இல்லை. 2010இல் உயர்நீதிமன்றமும் அப்படியே. இது பழிவாங்கல், சாதி இல்லை என்றார்கள். பழிவாங்கலாம்! எதற்குப் பழி? அந்தக் குடும்பம் ஏன் பழிவாங்கத் தக்கதாக ஆனது? நிலம் வைத்திருந்தது, பிள்ளைகளைப் படிக்கவைத்தது, போலீசில் சாட்சி சொன்னது, தலை நிமிர்ந்து நடந்தது. ஒரு தலித் குடும்பம் இதைச் செய்தால்தானே அது பகையாகிறது? பகை ஒரு பக்கம், சாதி இன்னொரு பக்கம் என்று இரண்டாக நிற்பதில்லை. சாதி பகையாகத்தான் வரும், பாதையாக வரும், வாய்க்காலாக வரும், வண்டியாக வரும். 'முன்விரோதம்' என்று எழுதும்போது ஏட்டய்யா ஒரு கோட்பாட்டைத்தான் எழுதுகிறார்: இரண்டு சமமான தரப்பு, இடையில் ஒரு சண்டை.

இதைச் சட்டமே கொஞ்சம் புரிந்துகொண்டிருக்கிறது. பழைய 3(2)(5) பிரிவில், 'தாழ்த்தப்பட்டவர் என்பதன் காரணமாக' செய்த குற்றம் என்று இருந்தது. பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றமானால் ஆயுள் தண்டனை. அந்த 'காரணமாக' என்ற சொல்லில்தான் அந்தப் பையனின் வழக்கும் இன்னும் எத்தனையோ வழக்குகளும் விழுந்தன. 2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை 'தாழ்த்தப்பட்டவர் என்று அறிந்து' என்று மாற்றியது. கூடவே 8ஆம் பிரிவில் ஒன்றைச் சேர்த்தது: குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ நேரடியாகத் தெரிந்திருந்தால், சாதியும் தெரியும் என்று கோர்ட் அனுமானிக்க வேண்டும். எதிர்த்தரப்பு வேண்டுமானால் இல்லையென்று நிரூபிக்கட்டும். இது என்ன? கிராமத்தில் ஆளைத் தெரிந்தால் சாதி தெரியும் என்கிற சமூகவியல் உண்மை சாட்சிய விதியாக ஆகியிருக்கிறது. அந்தக் கிழவிக்குத் தெரிந்தது சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. சும்மா ஏறவில்லை.

ஆனாலும் ஏமாந்துவிடக் கூடாது. 2021 ஏப்ரலில் பட்டான் ஜமால் வலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆந்திராவில் பார்வையற்ற ஒரு தலித் பெண்ணுக்கு எதிரான பாலியல் வன்கொடுமை. சாதி, பாலினம், ஊனம் மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி எப்படி ஒடுக்குகின்றன என்று, கறுப்பினப் பெண்ணியச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷாவின் சிந்தனையைக் கொண்டு அந்தத் தீர்ப்பு விரிவாகப் பேசுகிறது. சாதி மட்டுமே காரணமாக இருக்கத் தேவையில்லை, பல காரணங்களில் ஒன்றாக இருக்கலாம் என்கிறது. படிக்க வேண்டிய தீர்ப்பு. ஆனால் முடிவு? பாலியல் வன்கொடுமைக்கு ஆயுள் தண்டனை உறுதி. வன்கொடுமைச் சட்டத் தண்டனை ரத்து. குற்றம் பழைய சட்டக் காலத்தில் நடந்தது, சாதியும் ஒரு காரணம் என்பதற்குத் தனியாகச் சாட்சியம் வைக்கப்படவில்லை. தத்துவம் தீர்ப்பில் இருக்கு. கட்டில் இல்லை. அந்த அம்மா கேட்டதேதான்.

ஆகவே இங்கே இருக்கிற மாணவர்களுக்கும் தோழர்களுக்கும் சில வேலைகள் சொல்கிறேன்.

முதலாவது, புகார். சம்பவத்தை மட்டும் எழுதாதீர்கள். அவன் யார், எந்தத் தெரு, நம் அப்பாவை எப்படிக் கூப்பிடுவான், நாம் அவனை எப்படிக் கூப்பிட வேண்டியிருக்கிறது, அவன் வயலில் நம்மவர் எத்தனை வருஷம் வேலை செய்தார், எழுதுங்கள். எண்பது வயசுக் கிழவரை ஒரு பையன் 'டா' போடுகிறான் என்றால் அது சாட்சியம். வாய்மொழியாகச் சொன்னால் எழுதி, வாசித்துக் காட்டி, நகல் தரவேண்டும். செய்யாத அதிகாரிக்கு 4ஆம் பிரிவு இருக்கிறது.

இரண்டாவது, வரைபடம். 1995 விதிகளின் 12ஆம் விதிப்படி கலெக்டரும் எஸ்.பி.யும் சம்பவ இடத்துக்கு வரவேண்டும். வருகிற அன்றைக்கே நம் வரைபடத்தை மனுவோடு கையில் கொடுங்கள். டி.எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். கட்டில் சேர்க்காவிட்டால் பின்னால் கேட்க அது வேண்டும்.

மூன்றாவது, நம் அறிக்கை எழுதும் முறை. 'மக்கள் தெரிவித்தனர்' என்று நான் எழுதினேன். கோர்ட்டுக்கு 'மக்கள்' என்று ஒரு சாட்சி கிடையாது. அது கேள்விச் சாட்சியம். யார் கண்ணால் பார்த்தார், யார் காதால் கேட்டார் என்று பிரித்து எழுதுங்கள். அவர்களை மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் தரவைக்க முயலுங்கள். நீங்களே தனி கிளாஸைப் பார்த்திருந்தால் நீங்களே சாட்சி. கூண்டில் ஏறுங்கள். குறுக்கு விசாரணையில் நம் அறிவைச் சோதிக்கட்டும்.

நான்காவது, 15ஏ பிரிவு. ஜாமீன் விசாரணையில் பாதிக்கப்பட்டவரைக் கேட்க வேண்டும். சமூகப் பணியாளர், வக்கீல் துணையை வைத்துக்கொள்ள உரிமை உண்டு. அந்தப் பெரியவரின் பக்கத்தில் நாம் இருந்திருந்தால், 'ஆமாங்க' சொல்லும் முன் ஒரு மூச்சு எடுத்திருப்பார். சொல்லிக்கொடுப்பதைச் சொல்லலை. பயப்படாமல் உண்மையைச் சொல்லத் துணையாக இருப்பதைச் சொல்றேன்.

ஐந்தாவது, இளம் வக்கீல்களுக்கு. 1872 சாட்சியச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, ஒரு பொது வழக்கம் இருக்கிறதா என்ற கேள்வி வந்தால், அது இருந்தால் தெரிந்திருக்கக்கூடியவர்களின் கருத்தே சாட்சியம் என்றது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இந்த விதி இருக்கிறது. நிபுணர் பட்டம் கேட்கவில்லை. அதற்குக் கொடுத்த எடுத்துக்காட்டு என்ன தெரியுமா? கிராமத்துக் கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமை! கிணற்றைப் பற்றி, யார் எடுக்கலாம், யாருக்கு ஊற்றுவார்கள் என்பதைப் பற்றி நம்மைவிடத் தெரிந்தவர் யார்? ஒதுக்கி வைக்கும் வழக்கம் ஒன்று ஊரில் இருக்கிறது என்று காட்ட இந்தக் கதவைத் தட்டிப் பாருங்கள். மகத் குளத்து வழக்கில், தீண்டப்படாதவர்களை விலக்குவது தொன்றுதொட்ட வழக்கம் என்று சாதி இந்துக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1927இல் குளத்தில் இறங்கிய அம்பேத்கர், கோர்ட்டிலும் இறங்கினார். 1937 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றம், அப்படியொரு தொன்மையான வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்றது. 1916இல் கொலம்பியாவில் மானுடவியல் கருத்தரங்கில் சாதியின் தோற்றம் பற்றிக் கட்டுரை வாசித்தவரும் அவர்தான், பாரிஸ்டரும் அவர்தான். இரண்டையும் தனித்தனிப் பையில் வைத்துக்கொள்ளவில்லை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. 1871ஐ நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இதற்குத்தான். நம்மில் சிலர் கோபத்தில், அந்தச் சாதிக்காரன் ரத்தமே அப்படி என்று பேசுகிறோம். அது வெள்ளைக்காரனின் சமூகவியல். அதை நாம் எடுக்கக் கூடாது. நாம் காட்ட வேண்டியது ரத்தத்தை அல்ல, ஏற்பாட்டை. யார் கையில் நிலம், யார் கையில் பாதை, யார் வாயில் 'டா', யார் வாயில் 'ங்க'. அது பிறவிக் குணம் இல்லை. மனிதன் கட்டியது. இடிக்க முடிவது.

அந்த அம்மாவை அதற்குப் பிறகு இரண்டு தடவை பார்த்தேன். மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. அந்த அறிக்கை என் அலமாரியில் இருக்கிறது, நாற்பது பக்கமும் பத்திரமாக. நீங்கள் எழுதப் போகும் அறிக்கை அலமாரிக்குப் போக வேண்டாம். பத்து பக்கம் போதும். கட்டுக்குள் போகட்டும்.

ஜெய்பீம்.